விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

சென்ற இதழில் குழந்தையின்மைக்கு ஆண் பக்கமுள்ள காரணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: விந்துவில் அணுவே இல்லை, ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்கிறார்கள், செய்துகொள்ளலாமா? நான் சிறுநீர்ப்பாதை, ஆண் உறுப்பு நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டர். குன்னூரில் நோயாளிகளைப் பார்க்கிறேன், ஆபரேஷன்களைக் கோவையில் செய்கிறேன். கடிதங்களில் பெரும்பாலானவை நம் நீலகிரி மலையிலிருந்தே வந்திருப்பதால், பெயரையும் ஊரை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. டீ ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பக்கம் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம். நாலு வருஷம் என் மனைவிக்குத்தான் வைத்தியம் நடந்தது. குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி எல்லாம் பார்த்து நார்மல் என்றார்கள். அதன் பிறகுதான் எனக்கு டெஸ்ட் எழுதினார்கள். இரண்டு தடவையும் அணு ‘நில்’, அதாவது பூஜ்யம். விந்து அளவு 0.7 மில்லி, ஃப்ரக்டோஸ் நெகட்டிவ், எஃப்.எஸ்.ஹெச். 4.6. அடுத்த வாரமே விரையைத் திறந்து எடுத்துவிடலாம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். டிரையர் சூட்டினால் வந்ததா இது? – குன்னூர் வாசகர்

தம்பி, முன்பணம் கட்ட வேண்டாம். இன்னும் ஒரு டாக்டர்கூட உங்களைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

விந்துவில் அணு இல்லாத நிலை ஆண்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனால் அது ஒரே நோய் அல்ல. சிலருக்கு விரையில் அணு நன்றாக உற்பத்தியாகும், வெளியே வரும் பாதைதான் அடைபட்டிருக்கும். சிலருக்கு உற்பத்தியே நின்றிருக்கும், அல்லது விரையின் ஏதோ ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நடந்துகொண்டிருக்கும். மூன்றாவது கூட்டத்துக்கு விரை நன்றாகத்தான் இருக்கும், மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவு வந்திருக்காது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் கத்தி வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் எண்களைப் பார்ப்போம். எஃப்.எஸ்.ஹெச். என்பது அணு உற்பத்தி செய்யும்படி விரையைத் தூண்டும் ஹார்மோன், விரை பழுதானால் அது ஏறும். உங்களுக்கு அது நார்மல், அதனால் விரை வேலை செய்துகொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். விந்துவின் அளவு 1.4 மில்லிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவுகோல். உங்களுக்கு அதில் பாதிதான். ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை விந்துப் பையிலிருந்து வருவது, அதுவும் இல்லை. இப்படி மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, பிறவியிலேயே இரண்டு பக்கமும் விந்துக்குழாய் உருவாகாமல் போயிருக்கிறதா என்பதைத்தான். அதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. விதைப்பையின் மேல்பக்கம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்ல உருட்டினால், விந்துக்குழாய் சைக்கிள் பிரேக் கம்பிபோலத் தனியாக நழுவும். இல்லாதவருக்கு விரலில் எதுவும் தட்டாது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் குளிரில் விதைப்பை சுருங்கிக்கொள்ளும், அந்த நிலையில் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் என் அறையில் ஹீட்டர் போட்டு, நோயாளியைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுப் பார்ப்பேன். டிசம்பர், ஜனவரியில் நீங்கள் பார்க்கும் டாக்டரிடமும் தயங்காமல் இதைக் கேளுங்கள்.

குழாய் இல்லை என்றே உறுதியானால் விரையைத் திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. விரையின் மேல் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸில் மெல்லிய ஊசி செலுத்தி உறிஞ்சி எடுக்கலாம். இதற்குப் ‘பெசா’ என்று பெயர். அங்கே சரியாக வராவிட்டால் விரையிலிருந்தே ஊசியால் எடுப்பது ‘டெசா’. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அடைப்பு வகையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணு கிடைத்துவிடும். அப்படி எடுத்த அணுவைக் கருப்பைக்குள் ஊசி மூலம் விடுவதில் பயனில்லை, எண்ணிக்கை போதாது. ஒரு அணுவை எடுத்து ஒரு முட்டைக்குள் நேராகச் செலுத்தும் ‘இக்சி’ முறைதான் வேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு 1992-இல் இதன் மூலம் முதல் கர்ப்பங்களை அறிவித்தது. அதற்கு முன் உங்கள் நிலையில் இருந்தவர்களுக்கு வழி மிகவும் குறைவு.

ஆனால் அதற்கும் முன்னால் இரண்டு பரிசோதனைகள். விந்துக்குழாய் பிறவியில் இல்லாதவர்கள் பலருக்கு ‘சி.எஃப்.டி.ஆர்.’ என்ற ஜீனில் மாற்றம் இருக்கும். உங்கள் மனைவிக்கும் அதே ஜீனில் மாற்றம் இருந்துவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரக்கூடும். அதனால் இருவரும் ரத்தம் கொடுங்கள். இன்னொன்று, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமே இருக்காது.

டிரையர் சூடு அணு எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஃப்ரக்டோஸையும் விந்துவின் அளவையும் இப்படி இல்லாமல் ஆக்காது. வேலையைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவி நாலு வருஷம் பட்ட பாட்டை நினைத்தால்தான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. கணவனின் விந்துப் பரிசோதனை முதல் வாரத்திலேயே எழுத வேண்டியது.

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. அவனுக்குச் சரியாக மீசை தாடி வரவில்லை, குரலும் உடையவில்லை. கல்யாணம் செய்து வைத்துவிட்டோம். இப்போது அணு இல்லை, எஃப்.எஸ்.ஹெச். 0.6 என்று ரிப்போர்ட். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாசனை தெரியாது. தேயிலை வாட்டும் தொட்டியில் இலை கெட்டுப்போனால் நாங்கள் வாசத்திலேயே சொல்லிவிடுவோம், அவனுக்குத் தெரியாது. ஆபரேஷனில் அணு கிடைக்குமா? – மஞ்சூர் வாசகர்

வாசனை தெரியாது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, உங்கள் தம்பியை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றப் போகிறது. பாதிப்பேர் இதைச் சொல்லவே மாட்டார்கள். டாக்டர்களும் கேட்க மாட்டார்கள்.

நான் மேலே சொன்ன மூன்றாவது கூட்டம் இது. விரையை வேலை செய்ய வைக்கும் ஹார்மோன்கள் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகின்றன. அதைத் தூண்டும் நரம்புச் செல்கள், தாயின் வயிற்றில் சிசு வளரும்போது, மூக்குப் பகுதியிலிருந்து வாசனை நரம்புகளோடு சேர்ந்து மூளைக்குப் போக வேண்டும். போகாமல் நின்றுவிட்டால் வாசனையும் இருக்காது, பருவ வளர்ச்சியும் வராது. கால்மன் சிண்ட்ரோம் என்பார்கள்.

ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் எண்டோகிரைனாலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எல்.ஹெச்., ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ.யும் பார்ப்பார்கள். உறுதியானால் விரையைத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி, பிறகு எஃப்.எஸ்.ஹெச். ஊசி. ஒரு அணு உருவாகி முதிரவே ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆறு மாதத்திலும் வரலாம், சிலருக்கு இரண்டு வருஷமும் ஆகலாம். பெரும்பாலோருக்கு விந்துவிலேயே அணு வந்துவிடுகிறது, சிலருக்கு இயற்கையாகவே குழந்தையும் தங்குகிறது. ஒரு எச்சரிக்கை: மீசை வளர யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். மீசை வளரும், அணு வராது. குழந்தை பிறந்த பிறகு அந்த ஊசிக்குப் போகலாம்.

கேள்வி: ஜிம்மில் ஒரு வருஷம் ஊசி போட்டேன். உடம்பு ஏறியது. இப்போது அணு பூஜ்யம். வயது 29. – உதகை வாசகர்

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். ஊசியை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் அணு திரும்புகிறது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். திரும்பாவிட்டால் மருந்து இருக்கிறது. உங்களுக்கு இப்போது ஆபரேஷன் பேச்சே வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு 31 வயது. எஃப்.எஸ்.ஹெச். 28. குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் டெஸ்டில் 47, எக்ஸ் எக்ஸ் ஒய் என்று வந்திருக்கிறது. ‘உங்களுக்கு டோனர்தான்’ என்று இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவர் அழுதார். ‘நான் ஆம்பளையே இல்லையா’ என்று கேட்கிறார். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. குழந்தை பிறந்தால் அதற்கும் இது வருமோ? – கூடலூர் வாசகி

தங்கச்சி, உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர் ஆண்தான். ஆண்களில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இந்தக் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது. பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகிறது. 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற டாக்டர் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். இது யார் செய்த பாவமும் அல்ல, பெரும்பாலும் அம்மாவழி, அப்பாவழி வந்த பரம்பரை நோயும் அல்ல. பெரும்பாலும் முட்டையோ அணுவோ உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் நடக்கும் தற்செயல். மாமியாருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. எனக்கு என்னவோ, அவசரப்பட வேண்டாம் என்றே தோன்றுகிறது.

டோனர், அதாவது வேறொருவர் தானமாகத் தரும் விந்துதான் வழி என்பது சரியில்லை. இவர்களிலும் ஏறக்குறைய 100 பேரில் 40 முதல் 50 பேருக்கு ‘மைக்ரோ டெசே’ என்ற ஆபரேஷனில் அணு கிடைக்கிறது. 1999-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஷ்லெகல் என்ற யூராலஜி டாக்டர் வெளியிட்ட முறை இது.

என்ன செய்வோம் என்று சொன்னால் பயம் குறையும். முழு மயக்கம் கொடுத்து, விதைப்பையின் நடுவில் சிறிய கீறல் போட்டு விரையை வெளியே எடுப்போம். அதன் வெள்ளை உறையைக் குறுக்கே திறந்து, 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவருவோம். உள்ளே நூல் நூலாக நுண்குழல்கள் சுருண்டு கிடக்கும். உங்கள் கணவர் மாதிரி உள்ளவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை மெலிந்து, வெறுமையாக இருக்கும். நடுவில் எங்காவது ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் பருத்து, வெளுத்து, ஒளி ஊடுருவாமல் தெரியும். அதை மட்டும் நுனி மெலிந்த ஃபோர்செப்ஸால் கிள்ளி எடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்புவோம். அங்கே கருவியல் நிபுணரான எம்ப்ரியாலஜிஸ்ட் அதைச் சொட்டுத் திரவத்தில் இரண்டு ஊசிகளால் பிரித்துப் பிரித்து வேறொரு மைக்ராஸ்கோப்பில் தேடுவார். ‘இல்லை சார்’ என்று குரல் வரும். அடுத்த இடம். மறுபடி ‘இல்லை’. இப்படி இரண்டு, மூன்று, நாலு மணி நேரம்கூடப் போகும். ‘ஒண்ணு இருக்கு சார்’ என்று அந்தக் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தால், மயக்க டாக்டர் முதல் வார்டு பாய் வரை எல்லோர் முகமும் மாறிவிடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அது பழகிப்போகவில்லை.

எல்லா நுண்குழல்களிலும் தேடிவிட்டுக் கிடைக்காமல் போவதும் உண்டு. பாதிக்குப் பாதி என்றுதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ‘கேரண்டி’ கொடுப்பவரிடம் போகாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து இடத்தில் துண்டு வெட்டிப் பார்ப்பவரிடமும் போகாதீர்கள். ஏற்கெனவே சின்னதாக இருக்கும் விரையில் அது சேதத்தைத்தான் கூட்டும். மைக்ராஸ்கோப் இருக்கிறதா, எம்ப்ரியாலஜிஸ்ட் ஆபரேஷன் நேரம் முழுக்கப் பக்கத்தில் இருப்பாரா, கிடைத்த அணுவை உறைய வைக்கும் வசதி அதே இடத்தில் உண்டா என்று கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ கொடுத்திருந்தால், அணு தேடும் முயற்சி முடியும்வரை அது ஆகாது என்பதை அந்த டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

பிறக்கும் குழந்தைக்கும் இது வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை நார்மல்தான். இருந்தாலும் மரபியல் ஆலோசகரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அணு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் கணவருக்கு எலும்பு அடர்த்தி, சர்க்கரை, டெஸ்டோஸ்டிரோன் இந்த மூன்றையும் வருஷா வருஷம் கவனிக்க வேண்டும். குழந்தைப் பேச்சு ஓய்ந்ததும் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

கேள்வி: ஒய் குரோமோசோம் டெஸ்டில் ‘ஏ.இசட்.எஃப். ஏ’ பகுதி முழுதாக இல்லை என்று வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு முறை முயற்சி செய்து பார்க்கலாம் என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் என் அண்ணனிடம் விந்து தானம் கேட்கலாமா? – கோத்தகிரி வாசகர்

வேண்டாம். ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான பகுதிகள் ஏ, பி, சி என்று உண்டு. சி மட்டும் இல்லாதவர்களுக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அப்படிப் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை போகும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யலாம். ஆனால் ஏ அல்லது பி முழுதாக இல்லாதவருக்கு எவ்வளவு திறமையான டாக்டர் தேடினாலும் அணு கிடைப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகும் உங்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைப்பது அநியாயம். அதற்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ஒன்று உங்களைப் பெரிய ஆபரேஷனிலிருந்து காத்திருக்கிறது.

அண்ணனைக் கேட்க வேண்டாம். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, தானம் பெறும் விந்து பதிவு செய்யப்பட்ட வங்கி வழியாகத்தான் வர வேண்டும். பரிசோதனை செய்ததாக இருக்கும், கொடுத்தவர் யார் என்பது ரகசியமாக இருக்கும். பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க உங்கள் குழந்தை. மனைவிக்கு 21 முதல் 50, உங்களுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பும் உண்டு. தத்தெடுப்பதும் ஒரு வழி. எதையும் இந்த மாதமே முடிவு செய்ய வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் அதிர்ச்சி ஆறட்டும், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: மைக்ரோ டெசே செய்துகொள்ளப் போகிறேன். கேரட் மூட்டை ஏற்றும் வேலை. எப்போது வேலைக்குப் போகலாம்? ஆண்மை குறையுமா? – கேத்தி வாசகர்

ஆபரேஷன் அன்றைக்கே மலை ஏற வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கி வருவது புதுத் தையலுக்கு நல்லதல்ல. ராத்திரி வாந்தி, வீக்கம் என்றால் திரும்பவும் இறங்க வேண்டும். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய ஐஸை முதல் இரண்டு நாள் விட்டு விட்டு வையுங்கள். தையல் தானாகக் கரையும். கொஞ்சம் வீக்கம், கன்னிப்போவது சகஜம். வீக்கம் நேரத்துக்கு நேரம் பெரிதானாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் தெரிந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஒரு வாரத்தில் போகலாம். மூட்டை இரண்டு வாரத்துக்குக் கண்டிப்பாக வேண்டாம். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஹெர்னியா ஆபரேஷன்’ என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் அதற்கு மேல் கேட்கப்போவதில்லை.

உறவில் மாற்றம் வருமா என்றால், விறைப்புக்கான நரம்பும் ரத்தக்குழாயும் இந்த ஆபரேஷன் பக்கமே வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சில மாதம் இறங்கும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். சோர்வும் ஆசைக் குறைவும் நீடித்தால் ரத்தம் பார்த்து மருந்து கொடுக்கலாம்.

கேள்வி: எனக்கு 22 வயது. ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் மாறும் சிக்கிள் செல் என்ற பரம்பரை நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் குழந்தை? – பந்தலூர் வாசகர்

அந்த மாத்திரை அணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். ஆனால் வலி வந்து ஆஸ்பத்திரியில் படுப்பதைக் குறைப்பதும் அதுதான். அதனால் பயந்து மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பிக்கும் முன் விந்து கொடுத்து உறைய வைத்துவிட்டால் பிற்காலத்தில் ஆபரேஷன் தேவையே வராமல் போகலாம். புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வேன். மாதிரியைப் பந்தலூரில் எடுத்து டப்பாவில் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் பார்க்க வேண்டியது அது. வங்கி உள்ள இடத்துக்கே போய்க் கொடுங்கள். பெண் பார்க்கும்போது, அவருக்கும் சிக்கிள் செல் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

கேள்வி: என் முட்டையை எடுக்கும் அதே நாளில் கணவருக்கும் ஆபரேஷன் என்று தேதி குறித்திருக்கிறார்கள். அவருக்கு உற்பத்திக் குறைபாடு. பத்து நாள் ஊசி போட்டு முட்டையை எடுத்த பிறகு, அவருக்கு அணு கிடைக்காவிட்டால் என் கதி என்ன? – குன்னூர் வாசகி

வந்த கடிதங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

அடைப்பு வகை என்றால் ஒரே நாளில் வைப்பதில் தவறில்லை, அணு கிடைக்கும் என்று நம்பி இறங்கலாம். உற்பத்திக் குறைபாட்டில் வாய்ப்பு பாதிதான். அப்போது முதலில் கணவருக்குச் செய்து, கிடைத்த அணுவை உறைய வைத்துவிட்டு, அதன் பிறகு உங்களுக்கு ஊசி ஆரம்பிப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஊசியும் செலவும் வயிற்று உப்புசமும் உங்கள் உடம்புக்கு. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்காக அதை நீங்கள் முன்கூட்டியே சுமக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் வைப்பவர்களிடமும் காரணம் இருக்கிறது. ஐந்தாறு அணு மட்டும் கிடைத்தால் உறைய வைத்து எடுப்பதில் அவையும் போய்விடலாம். உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் காலமும் ஒரு கணக்கு. அப்படி ஒரே நாளில்தான் என்று முடிவானால், அணு கிடைக்காவிட்டால் முட்டைகளை உறைய வைப்பதா, வங்கி விந்து பயன்படுத்துவதா என்பதை முன்னமே இருவரும் பேசி, ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் மயக்கம் தெளிந்து படுத்திருக்கும்போது யாரும் வந்து ‘டோனர் போட்டுடலாமா’ என்று கேட்கும் நிலை வரக் கூடாது.

உங்கள் கடிதத்தில் கணவரின் கேரியோடைப், ஒய் டெஸ்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அது கையில் வரும்வரை முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.